கடுப்பு

திருப்பதி
17 செப்டம்பர் 2025

தேவசேனா,

'அன்புள்ள' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். இன்றைக்கு அந்தச் சொல் எனக்கு வரவில்லை.

போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். ஆபீஸ் மெயிலில் எழுதினால் உனக்கு முன்னால் நாலு பேர் படித்துவிடுவார்கள். அதனால்தான் காகிதமும் பேனாவும். தினமும் காலையில் ரத்த சாம்பிள் ஏற்றிக்கொண்டு இங்கிருந்து சித்தூர் வருகிறதே நம் ஆஸ்பத்திரி வண்டி, அதன் டிரைவர் சீனுவிடம் கொடுத்தனுப்புகிறேன். "மேடம் கையிலதான் குடுக்கணும்" என்றேன். "இன்னாக்கா, சூடா கீதா? ஐஸ் பொட்டியில வச்சி எடுத்துக்கினு போட்டுமா?" என்று கேட்டான். சூடாகத்தான் இருக்கிறது, பத்திரம் என்றேன்.

உன் விசாரணை அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திங்கட்கிழமை எங்கள் கேஷுவாலிட்டி சுவரில் ஒட்டினார்கள். சித்தூர், திருப்பதி இரண்டு கிளைக்கும் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் என்று கீழே உன் கையெழுத்து. நர்சிங் ஸ்கூல் விடுதியில் மூன்று வருடம் உன் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் நான், அந்தக் கையெழுத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வேன். நீ எழுதியிருப்பது இது: "நோயாளி சுந்தரம்மாவின் மாரடைப்பு இரண்டரை மணி நேரம் கண்டுபிடிக்கப்படாமல் போனதற்கு, வார்டு ஆயா வசந்தா தனக்குத் தெரிந்ததை உரியவரிடம் உரிய முறையில் தெரிவிக்காததே முக்கியக் காரணம்." இங்கிலீஷில் இருந்ததை வசந்தாக்காவுக்குத் தமிழில் படித்துச் சொன்னவள் நான். அவரை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தைந்தாம் தேதி நிர்வாகக் கூட்டம் உன் அறிக்கையை ஏற்றுக்கொண்டால், பதினோரு வருட வேலை அதோடு முடிந்தது.

அங்கே ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியவளுக்கு இங்கே நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே கால். பிச்சாட்டூர் பக்கத்திலிருந்து சுந்தரம்மாவை அவர் மகன் வாடகைக் காரில் கூட்டி வந்தான். எல்லைத் தமிழ்க் கிராமம், கடலைக் கொல்லையில் களை எடுக்கிற பெண்மணி. மகன் பதிவுச் சீட்டு வரிசையில் நின்றான். உள்ளே விசாரித்தவள் கல்பனா. அனந்தபூர் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரம்தான், தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது.

"ஏமாயிந்தம்மா?" என்று, என்ன ஆச்சு என்று, கேட்டாள்.

"கடுப்பா கீதும்மா. மாரு பூரா கடுப்பு. தோளு வரைக்கும் இஸ்துக்கினு போவுது."

"கடுபா? கடுபு நொப்பியா?"

"ஆமாம்மா, கடுப்பு."

அவ்வளவுதான். தெலுங்கில் கடுபு என்றால் வயிறு, நொப்பி என்றால் வலி. நமக்குக் கடுப்பு என்றால் குடைகிற வலி. நடுவில் ஒரே ஒரு 'ப்'. இரண்டு பேரும் புரிந்துவிட்டது என்று நினைத்துத் தலையாட்டினார்கள். கல்பனா 'வயிற்று வலி' என்று எழுதினாள். டியூட்டி டாக்டர் பவன்குமார் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கேஸ் ஊசி போடச் சொன்னார், ஓரத்து பெஞ்சில் உட்கார வைத்தார். சுந்தரம்மாவுக்குச் சந்தைத் தெலுங்கு தெரியும்தான். ஆனால் வலியில் துடிக்கிறவர்களுக்கு எந்த மொழி வாயில் வரும் என்று உனக்குத் தெரியாதா?

அந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் வசந்தாக்கா. சத்தியவேடு பக்கத்துத் தமிழர், அந்த அம்மாவின் புலம்பல் அவருக்குத்தான் விளங்கியது. கல்பனாவிடம் போய், "கடுபு காதம்மா, குண்டெ" என்றார். வயிறு இல்லை, நெஞ்சு என்று தெலுங்கிலேயே சொன்னார். டாக்டர் பார்த்தாகிவிட்டது என்றாள் அவள். டாக்டரிடம் போனார். "நீ பனி சூஸுகோ" என்று, உன் வேலையைப் பார் என்று, விரட்டினார். மூன்று முறை சொன்னார் தேவசேனா, மூன்று முறை! ஒன்றே முக்காலுக்குச் சுந்தரம்மா வியர்த்துக் கொட்டி பெஞ்சிலிருந்து சரிந்த பிறகுதான் ஈசிஜி எடுத்தார்கள். உயிர் தப்பியது. இதயத்தில் பாதி செத்துவிட்டது.

இதில் குற்றவாளி தரை துடைத்தவர். உரியவரிடம் சொல்லவில்லையாம், உரிய முறையில் சொல்லவில்லையாம். வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லியிருக்க வேண்டுமா?

சனிக்கிழமை நீயே வந்து 'திறமையான மருத்துவக் குழுவை உருவாக்குவது எப்படி' என்று எங்களுக்குப் பாடம் நடத்தப்போகிறாயாம், போஸ்டர் பார்த்தேன். வா. முன்வரிசையில் உட்காருகிறேன்.

நளினி


சித்தூர்
18 செப்டம்பர் 2025

நளினி,

கடிதம் வந்தது. நான் படித்து முடிக்கும்வரை சீனு மேஜை பக்கத்திலேயே நின்றான். போகச் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் போன் விஷயம். ஒரே நாளில் பதினோரு முறை கூப்பிட்டாய். ஒன்பதாவது முறை என்னைக் கொலைகாரி என்றாய். அதற்கு மேலும் இரண்டு முறை எடுத்தேன். பிறகுதான் தடுத்தேன்.

அறிக்கையை ஏசி அறையில் உட்கார்ந்து ஜோடித்ததாக நினைக்கிறாய். எங்கள் ஏசி ஜூனிலிருந்து ஓடவில்லை. ஏழு பேரிடம் எழுத்தில் வாக்குமூலம் வாங்கினேன். வேலைக்கு வந்து ஐந்து வாரம் ஆன பெண்ணைத் தனியாக முன்னால் உட்கார வைத்தது தவறு என்று எழுதியிருக்கிறேன். டாக்டர் ஈசிஜி எடுக்காததை எழுதியிருக்கிறேன், அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிருக்கிறது. அதெல்லாம் ஆறு பக்கம். சுவரில் ஒட்டியது ஏழாவது பக்கம் மட்டும். அதை ஒட்டியது நான் இல்லை.

அடுத்தது, 'உரியவர்'. கேலி செய்திருக்கிறாய், பரவாயில்லை. ஒரு குழுவில் யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று வரையறை இல்லாவிட்டால் அது குழு இல்லை, சந்தை. கேஷுவாலிட்டியில் நர்ஸும் டாக்டரும் கேட்காவிட்டால் ஷிப்ட் இன்சார்ஜிடம் சொல்ல வேண்டும், இன்சார்ஜ் சீனியர் டாக்டரைக் கூப்பிட வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும், வசந்தாவுக்கும் தெரியும். அவள் பதினோரு வருடமாக இருக்கிறாள் என்று நீயே சொல்கிறாய்.

அன்றைக்கு ஷிப்ட் இன்சார்ஜ் யார்? நீ.

உன் வாக்குமூலம் என் முன்னால் இருக்கிறது. "இந்த நோயாளியைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை" என்று உன் கையால் எழுதியிருக்கிறாய். அப்படியானால் வசந்தா உரியவரிடம் சொல்லவில்லை என்றுதான் முடிவு வரும். நீ எழுதிக் கொடுத்ததிலிருந்துதான் அந்த வரியை எழுதினேன். அந்த வரிக்காகத்தான் இப்போது என்னைத் திட்டுகிறாய்.

இன்னொன்று. மூன்று முறை சொன்னாள் என்று எழுதி ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறாய். கல்பனா ஒன்று, டாக்டர் இரண்டு. மூன்றாவது ஆள் யார்? உன் கடிதத்தில் அந்தப் பெயர் இல்லை. நிதானமாக யோசித்து எழுது.

சனிக்கிழமை பார்க்கலாம்.

தேவசேனா


திருப்பதி
20 செப்டம்பர் 2025

தேவசேனா,

அவள், அவள் என்று எழுதியிருக்கிறாய். வசந்தாக்கா உன்னைவிடப் பத்து வயது பெரியவர்.

இன்றைக்கு உன் பயிற்சியைப் பார்த்தேன், வயிறு எரிந்தது. வயிறுதான், கல்பனா எழுதிய அதே இடம். முப்பத்திரண்டு பேரை வட்டமாக நிறுத்தினாய். காகிதக் கப்புகளை அடுக்கிக் கோபுரம் கட்டச் சொன்னாய். எலும்பு டாக்டரின் கோபுரம் சரிந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் கண்ணைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரை நம்பிப் பின்னால் சாயச் சொன்னாய். பவன்குமார் என்மேல் சாய்ந்தார். எண்பத்தைந்து கிலோ. இன்னும் தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கிறது.

அத்தனை நேரமும் வாசலில் டீத் தட்டோடு நாலு ஆயாம்மாக்கள் நின்றார்கள். நீ பார்த்தாயா? அவர்கள் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள், பெரியவர்கள் விளையாடுகிறார்களே என்று. நான் எழுந்து, "வாள்ளு டீம்லோ லேரா மேடம்?" என்று கேட்டேன். அவர்கள் இந்தக் குழுவில் இல்லையா என்று எல்லாருக்கும் புரிகிற தெலுங்கில்தான் கேட்டேன், உன் சர்க்குலர்ப்படி. "அதி தர்வாத்த மாட்லாடுதாம்" என்றாய். பிறகு பேசலாமாம். அந்தப் பிறகு வரவே இல்லை. கடைசியில் குழு போட்டோ எடுத்தீர்கள். யார் எடுத்தது? ஓர் ஆயாம்மா கையில் போனைத் திணித்து, இந்தப் பொத்தானை அமுக்கு என்றீர்கள். கீழே விழுந்த கப்புகளைப் பொறுக்கிப் போட்டதும் அவர்தான்.

சர்க்குலர் என்றதும் ஞாபகம் வருகிறது. "கேஷுவாலிட்டிக்குள் தெலுங்கும் இங்கிலீஷும் மட்டுமே பேச வேண்டும். உதவி ஊழியர் நோயாளியின் நிலை பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது." இது யார் போட்டது? நகரியில் பிறந்து, தமிழில் அழுது, தமிழில் சண்டை போட்டு வளர்ந்த நீ. யாரோ ஒரு தெலுங்கு நோயாளியின் மகன், நர்ஸுகள் தமிழில் பேசிச் சிரித்தது தன் அப்பாவைப் பார்த்துத்தான் என்று புகார் கொடுத்தானாம். உடனே எல்லார் வாயையும் தைத்துவிட்டாய். நோயாளிகளில் பாதிப்பேர் எல்லைக் கிராமத்துத் தமிழர்கள் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

உங்கள் வீட்டுக் கரும்பு வெட்ட எங்கள் ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். என் நைனாவும் வந்திருக்கிறார். வாசலுக்கு வெளியே நின்று தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். நீ மட்டும் ஒருநாளும் அந்த வேறுபாட்டை என்னிடம் காட்டியதில்லை. விடுதியில் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றவள் நீ. அதனால்தான் இந்த அறிக்கை எனக்கு இப்படி எரிகிறது. எங்களை வாசலுக்கு வெளியே நிறுத்த உனக்கும் தெரியும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது ஆள் யார் என்று கேட்கிறாய். யாராக இருந்தால் என்ன? சொன்னார் என்பதுதானே விஷயம். பேச்சை மாற்றாதே.

நளினி


சித்தூர்
21 செப்டம்பர் 2025

நளினி,

பேச்சை மாற்றுவது நானா?

இதை எழுதக் கூடாது என்று இரண்டு வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு என்னால் முடியவில்லை.

கேஷுவாலிட்டியில் கேமரா இருக்கிறது. காட்சி மட்டும்தான், சத்தம் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை, 11:52. நீ மருந்து டிராலி பக்கத்தில் நிற்கிறாய். வசந்தா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உன்னிடம் வருகிறார். பெஞ்சைக் காட்டுகிறார். தன் மார்பில் கை வைத்துக் காட்டுகிறார். நீ அவர் பக்கம் திரும்பவில்லை. அப்புறம் கையைத் தூக்குகிறாய், ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறார். மொத்தம் பதினாறு விநாடி.

அதை ஒன்பது முறை ஓட்டிப் பார்த்தேன். வேறு யாராவது இருக்கக் கூடாதா என்று பார்த்தேன். அது நீதான்.

அறிக்கையில் அதை எழுதவில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நெஞ்சுவலி என்று சொல்லியும் இன்சார்ஜ் நர்ஸ் கவனிக்கவில்லை, பிறகு யாரும் சொல்லவில்லை என்று பொய்யாக எழுதிக் கொடுத்தாள் என்று ஆகும். வேலை மட்டும் இல்லை, நர்சிங் கவுன்சில் பதிவுக்கே ஆபத்து. உன் மகள் தரணி அடுத்த வருடம் பத்தாவது எழுதுகிறாள். இதையெல்லாம் நினைத்தேன். ஒரு பக்கம் நீ, இன்னொரு பக்கம் வசந்தா. முடிவெடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

உன்னைக் காப்பாற்றப்போய் உன்னிடமே ஏச்சு வாங்குகிறேன். அதுவும் வசந்தாவுக்கு நியாயம் கேட்டு! கொலைகாரி, வாசலுக்கு வெளியே நிறுத்துகிறவள், இன்னும் என்னென்னவோ. உனக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கிறதா? அந்த மூன்றாவது முறை அவரை நிறுத்திய கையால்தானே இத்தனை கடிதமும் எழுதுகிறாய்?

போட்டோவைப் பற்றி நீ சொன்னது சரி. நேற்று வண்டியில் திரும்பும்போது போனில் பார்த்தேன். எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறோம். எடுத்தவரின் பெயரைச் சீனுவிடம் கேட்டேன், வெங்கடலட்சுமி என்றான். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கிறது. காட்சி என்னிடம் இருக்கிறது. நீயே சொல், என்ன செய்யட்டும்?

தேவசேனா


திருப்பதி
23 செப்டம்பர் 2025

தேவா,

நேற்று முழுக்க உன் கடிதத்தை யூனிபாரம் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுத உட்கார்ந்து மூன்று காகிதம் கிழித்தேன். மூன்றிலும் உன்னைத்தான் திட்டியிருந்தேன்.

சத்தம் இல்லாத காட்சியைப் பார்த்தாய். சத்தத்தை நான் சொல்கிறேன். "நளினிம்மா, அந்த அம்மாக்கு வயிறு இல்லம்மா, மாரு. மாரு கடுக்குதுன்னு அய்வுது. ஒரு தபா வந்து பாரும்மா." இதைத்தான் சொன்னார். எல்லாம் என் காதில் விழுந்தது. கடுப்பு என்ற சொல்லுக்கு எனக்கு யாரும் பொருள் சொல்லத் தேவையில்லை. என் வீட்டுச் சொல் அது.

ஜன்னி வந்த ஒரு குழந்தைக்கு மருந்தளவு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், அது ஒரு காரணம். வார்டுக்குள் தமிழ் பேசியதற்கு ஆகஸ்டில்தான் எனக்கு மெமோ கொடுத்தார்கள். நிர்வாக அதிகாரி பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். வசந்தாக்கா தமிழில் பேசுகிறார், தமிழில் பதில் சொன்னால் இரண்டாவது மெமோ. அது இன்னொரு காரணம். இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்து அழகாக ஒரு விளக்கம் எழுதிவிடலாம்.

ஆனால் அதே சொல்லை கல்பனா வந்து சொல்லியிருந்தால் குழந்தையை இன்னொரு நர்ஸிடம் விட்டுவிட்டு ஓடியிருப்பேன். பவன்குமார் சொல்லியிருந்தால் மெமோவாவது மண்ணாங்கட்டியாவது என்று ஓடியிருப்பேன். சொன்னவர் வசந்தாக்கா. ஆயாம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். கரும்பு வெட்டியவரின் மகள்தான் அப்படி நினைத்தாள். அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் பதினோரு முறை உனக்குப் போன் செய்தேன்.

உன் அறிக்கையை நான் அவருக்குப் படித்துக் காட்டினேன் என்று எழுதினேனே. படித்து முடித்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான்தான் அந்த மூன்றாவது ஆள் என்று அவருக்குத் தெரியும், நான் எழுதிக் கொடுத்தது பொய் என்றும் தெரியும். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இதோடு ஒரு தனிக் காகிதம் இருக்கிறது. நிர்வாகக் கூட்டத்துக்கு என் புதிய வாக்குமூலம். பழையது பொய், வசந்தா என்னிடம் தெளிவாகச் சொன்னார், நான் அவரை நிறுத்தினேன் என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைப் படித்துக் காட்டு. காட்சியையும் போட்டுக் காட்டு. என்னைக் காப்பாற்ற நினைத்து எதையாவது பூசி மெழுகினாய் என்றால் பிறகு உன் முகத்திலேயே விழிக்கமாட்டேன்.

ஆனால் நான் தனியாக மாட்டிக்கொள்ளத் தயாரில்லை, சொல்லிவிட்டேன். உன் சர்க்குலரையும் அந்த மேஜையில் வை. மறைத்தது நீயும்தான், அதையும் சொல். எனக்கு இன்னும் உன்மேல் கோபம் இருக்கிறது. இப்போது என்மேலும் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நளினி


சித்தூர்
26 செப்டம்பர் 2025

நளினி,

கூட்டம் முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

உன் வாக்குமூலத்தைப் படித்தேன். காட்சியைப் போட்டேன். சர்க்குலரைக் காட்டி, இதை எழுதியவள் நான், கேமரா காட்சியை மறைத்ததும் நான் என்றேன். நிர்வாக அதிகாரி கேட்டார், ஆயா சொல்லுக்கெல்லாம் ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரி நடத்த முடியுமா என்று. எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். "ஈசிஜி எடுக்க ஆறு நிமிடம் சார். அந்த ஆறு நிமிடத்தைக் கொடுக்காததால் ஒரு பெண் இனி கொல்லையில் குனிந்து களை எடுக்க முடியாது. அவர் வீட்டுக்குப் போய் உங்கள் கேள்வியைக் கேளுங்கள்" என்றேன். இருபது வருட வேலையில் ஒரு கூட்டத்தில் நான் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

வசந்தா வேலைக்குத் திரும்பலாம். அறிக்கை திருத்தப்படும், அதுவும் அதே சுவரில் ஒட்டப்படும். சர்க்குலர் ரத்து. உனக்கு இன்சார்ஜ் பொறுப்பு போய்விட்டது, ஆறு மாதம் கண்காணிப்பில் இருப்பாய். பதிவுக்கு ஆபத்து இல்லை, நீயே முன்வந்து சொன்னதால். எனக்கு மெமோ. திருப்பதிக் கிளை இனி என் பொறுப்பில் இல்லை.

பொறுப்பு கைமாறுவதற்கு முன் இரண்டு விஷயம் எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டேன். கேஷுவாலிட்டிச் சீட்டில் 'நோயாளி சொன்ன சொல்' என்று ஒரு கட்டம் இருக்கும். அவர் எந்த மொழியில் சொன்னாரோ அதே சொல்லை எழுத வேண்டும், பொருள் அதற்குக் கீழே. இரண்டாவது, ஒவ்வொரு ஷிப்ட் ஆரம்பத்திலும் ஐந்து நிமிடம் எல்லாரும் ஒன்றாக நிற்க வேண்டும். டாக்டர், நர்ஸ், ஆயாம்மா, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், எல்லாரும். ஒவ்வொருவரிடமும் என்ன பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். கப்பு, கண்கட்டு எதுவும் கிடையாது.

வசந்தாவுக்குத் தபாலில் கடிதம் போகும். ஆனால் யாராவது நேரில் போய்ச் சொல்ல வேண்டும். யார் போக வேண்டும் என்று உனக்கே தெரியும். அவர் என்னைப் பற்றிக் கேட்டால், மன்னிப்புக் கேட்க நான் தனியாக வருகிறேன் என்று சொல். உன்னோடு சேர்ந்து வந்தால் நம் இரண்டு பேர் தப்பும் ஒன்றாகிவிடும்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் எழுதியே அனுப்பு. போனில் நீ என்னைப் பேசவிடுவதில்லை.

தேவா


திருப்பதி
14 அக்டோபர் 2025

அன்புள்ள தேவா,

உன் கடிதம் வந்த மறுநாளே திருச்சானூர் போனேன். வசந்தாக்கா அங்கே ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஷேர் ஆட்டோவில் போகும்போது என்னென்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டேன். மொட்டை மாடியில் வரிசையாகப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன, அவர் ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அறிக்கையை மாற்றிவிட்டார்கள், வேலைக்கு வரலாம் என்றேன்.

"படிச்சவங்க எழுதினீங்க, படிச்சவங்களே அடிச்சிட்டீங்க. நடுவுல நான் இங்க பெட்ஷீட்டு தோச்சிக்கினு கீறேன்" என்றார்.

"எல்லாம் என் தப்புதான்க்கா. மன்னிச்சிடுங்க."

"அந்தப் பொண்ணு தெலுங்குக்காரி, அதுக்குப் புரியல. டாக்டரு என்னிக்கு நம்ம பேச்சக் கேட்டுக்கீறாரு? உனுக்குப் புரிஞ்சுதும்மா. நீ நம்ம பக்கத்து ஆளு. புரிஞ்சிதான கையத் தூக்கின?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. ஒரு விரிப்பின் மறுமுனையை என்னிடம் நீட்டினார், பிடித்துக்கொண்டேன், இரண்டு பேருமாக மடித்தோம்.

"மன்னிக்கிறதெல்லாம் என்னால முடியாது. வேலைக்கு வரேன், அது என் வேல. உன்னாண்ட ஒக்காந்து சோறு துன்ன மாட்டேன், கத பேச மாட்டேன். பேஷண்ட்டப் பத்தினா வந்து சொல்லுவேன். அதுக்கு மட்டும் காத குடு."

சரி என்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்தது ஒன்றுக்கும் உதவவில்லை.

மூன்றாம் தேதியிலிருந்து வருகிறார். சொன்ன சொல் தவறவில்லை. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் நான் இல்லாத மூலையில் போய் உட்காருகிறார். மற்ற நர்ஸுகள் கேட்கிறார்கள், உங்கள் இரண்டு பேருக்கும் என்ன சண்டை என்று. சண்டை இல்லை, தண்டனை என்கிறேன். நியாயம்தான் என்று ஒருநாள் தோன்றுகிறது. இன்னொரு நாள் இத்தனை செய்த பிறகும் இவ்வளவு ரோஷமா என்று பற்றிக்கொண்டு வருகிறது. எத்தனை செய்தேன் என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கோபம் அடங்கிவிடுகிறது.

உன் ஐந்து நிமிடம் நடக்கிறது. முதல் மூன்று நாள் ஆயாம்மாக்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பவன்குமார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலாம் நாள் வெங்கடலட்சுமி, இரண்டாம் பெட்டின் குளுகோஸ் பாட்டில் ஒரே மட்டத்தில் நிற்கிறது, சொட்டு இறங்கவே இல்லை என்றார். டாக்டர் வாயை மூடிக்கொண்டு கேட்டார். கல்பனா ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறாள், தமிழில் வலிக்கு எத்தனை சொல் என்று எழுதிக்கொண்டு வருகிறாள். இதுவரை பதினேழு சேர்ந்திருக்கிறது, சலிக்காமல் கேட்கிறாள். நல்ல பெண், அவளை யாரும் குறை சொல்ல நான் விடமாட்டேன்.

சுந்தரம்மா போன வாரம் பரிசோதனைக்கு வந்தார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவரிடம் போய் எல்லாம் சரியாகிவிட்டது, ஆஸ்பத்திரியில் புதிய முறை வந்துவிட்டது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் வீட்டுக்கு அனுப்பிய வருத்தக் கடிதம் மூன்று வரி, இங்கிலீஷில். அதைப் பற்றித் தனியாக உன் மேலிடத்துக்கு எழுதப்போகிறேன், நீ தடுக்காதே.

இன்று காலை வசந்தாக்கா என் மேஜைக்கு வந்தார். "ஆறாம் பெட்டு பெரியவரு எடது கையால டம்ளரப் புடிக்க முடியாம தடுமார்றாரு" என்றார். சொல்லிவிட்டு நின்றார். கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன், பவன்குமாரையும் இழுத்துக்கொண்டு. பக்கவாதமோ என்று பேசச் சொன்னோம், சிரிக்கச் சொன்னோம், கையைத் தூக்கச் சொன்னோம். ஒன்றும் இல்லை. கையை அமுக்கிக்கொண்டு தூங்கியிருக்கிறார், மரத்துப் போயிருக்கிறது. திரும்பி வந்து, "ஒண்ணும் இல்லக்கா, கை மரத்துப் போச்சி. நீங்க சொன்னது நல்லதாச்சி" என்றேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி சொல்லமாட்டாரோ என்று எனக்குப் பக்கென்றது. மத்தியானம் மறுபடியும் வந்தார், வேறொரு பெட்டைப் பற்றிச் சொல்ல. எழுந்து போனேன்.

நளினி